போட்டியை ஒழிக்கப் புறப்பட்ட சேல்ஸ்மேன்

கிங் கேம்ப் ஜில்லெட். 'கிங்' பட்டமல்ல, பெற்றவர்கள் வைத்த பெயர். 1871-ல் சிகாகோ தீப்பற்றி எரிந்ததில் அப்பாவின் இரும்புச் சாமான் வியாபாரம் சாம்பலானது. பையனுக்குப் பதினாறு வயது. நொடித்துப்போன வீட்டுப் பிள்ளைக்கென்று அன்றும் இன்றும் உலகம் எடுத்துவைத்திருக்கும் வேலை ஒன்றுண்டு. பையைத் தூக்கு, ஊர் ஊராகப் போ, விற்றுவிட்டு வா. படிப்பைக் கேட்க மாட்டார்கள். வாய் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

ரயிலேறிப் போக வேண்டும். முன்பின் தெரியாத கடைக்காரரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். "இருக்கிற சரக்கே நகரலை, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று அவர் சொன்னதும் இன்னும் அகலமாகச் சிரிக்க வேண்டும். இதை ஒரு வருஷம் செய்தால் பொறுமை வரும். இருபது வருஷத்துக்கு மேல் செய்த ஜில்லெட்டுக்குப் புரட்சி வந்தது. 1894-ல் 'தி ஹ்யூமன் டிரிஃப்ட்' என்று புத்தகமே போட்டுவிட்டார். சகல பாவத்துக்கும் வியாபாரப் போட்டிதான் காரணம், ஒரே கம்பெனி எல்லாவற்றையும் தயாரிக்கட்டும், மொத்த அமெரிக்காவும் நயாகரா பக்கம் ஒரே நகரத்தில் குடியேறட்டும், மின்சாரத்தை அருவி பார்த்துக்கொள்ளும் என்றார். எனக்கென்னவோ இது தத்துவமாகப் படவில்லை. ஒரே ஊர் என்றால் ரயிலேற வேண்டாம். ஒரே கம்பெனி என்றால், "நேத்து வந்தவன் ரெண்டு சென்ட் குறைச்சான்" என்று எந்தக் கடைக்காரனும் வாய் திறக்க முடியாது.

இதை எழுதிய காலத்தில் அவர் சோடா பாட்டில் மூடி விற்றுக்கொண்டிருந்தார். மூடியைக் கண்டுபிடித்த முதலாளி வில்லியம் பெயின்டர் ஒரு யோசனை சொன்னார்: ஒருமுறை உபயோகித்துத் தூக்கிப்போடுகிற சாமானாகக் கண்டுபிடி, வாங்கினவன் திரும்பத் திரும்ப வருவான். 1895-ல் ஒரு காலை, மழுங்கிய கத்தியோடு கண்ணாடி முன் நின்றபோது ஜில்லெட்டுக்குப் பொறி தட்டியது. அந்தக்காலச் சவரக்கத்தியைத் தாத்தா வாங்கினால் பேரன்வரை தீட்டிக்கொண்டே இருக்கலாம். சேல்ஸ்மேன் வயிற்றில் அடிக்கிற சாமான்! காகிதம்போல் மெல்லிய பிளேடு வேண்டும் என்றார். அத்தனை மெல்லிய எஃகைப் பதப்படுத்தவே முடியாது என்றார்கள் விவரம் தெரிந்தவர்கள். 'முடியாது' என்ற பதிலில் பாதி வாழ்க்கையை ஓட்டியவரிடமா அது எடுபடும்? கடைசியில் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் முடித்துக்கொடுத்தார்.

1903-ல் விற்பனைக்கு வந்தது. அந்த வருஷம் போனது 51 ரேஸர், 168 பிளேடு. எந்த ஏரியா மேனேஜராவது இந்தக் கணக்கைப் பார்த்திருந்தால் அன்றே சீட்டைக் கிழித்திருப்பார். மறுவருஷம் ரேஸர் மட்டும் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. 1904-லேயே பேட்டண்டும் கைக்கு வந்தது. போட்டியை ஒழிக்க நயாகராவே தேவைப்படவில்லை.

கோடீஸ்வரரான பிறகும் அந்த ஒரே கம்பெனி ஆசை விடவில்லை. 1910-ல் அரிசோனாவில் 'உலகக் கார்ப்பரேஷன்' தொடங்கி, முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டையே தலைவராகக் கூப்பிட்டார். சம்பளம் பத்து லட்சம் டாலர். ரூஸ்வெல்ட் அடுத்த மாசம் பார்க்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை, மாட்டேன் என்றுவிட்டார்.