ஏரிக்கரை ஓய்வு

அலுவலகக் களைப்பு தீர நம்மவர்கள் குடும்பத்தோடு கொடைக்கானல் ஏரிக்குப் போகிறார்கள். விடியற்காலை மூன்று மணிக்குப் புளிசாதம் கட்டுவதில் அந்த ஓய்வு தொடங்குகிறது. 2024 மே 7 முதல் மலையேற இ-பாஸ் வேறு வேண்டும். ஆக, ஓய்வெடுக்கவும் விண்ணப்பம் போட்டாக வேண்டும்.

1863-இல் இந்த ஏரியை உருவாக்கியவர் மதுரை கலெக்டர் வேர் ஹென்றி லெவிஞ்ச். நட்சத்திர வடிவ ஏரி, சுற்றிவரச் சுமார் ஐந்து கிலோமீட்டர். அந்த வடிவம் மேலிருந்து பார்க்கும் பறவைக்குத்தான் தெரியும். நமக்குத் தெரிவது படகுத்துறை வரிசையில் முன்னால் நிற்பவரின் முதுகு.

ஒருவழியாக மிதிபடகு கிடைக்கிறது. ஆண்டு முழுக்க அலுவலகத்தில் மிதிபட்ட அப்பா, இங்கே காசு கொடுத்துத் தானே மிதிக்கிறார். அம்மா லைஃப் ஜாக்கெட் வாரையும் பிள்ளைகளையும் மாறி மாறி இறுக்குகிறாள். பிள்ளைகள் செல்போனில் சிக்னல் தேடுகிறார்கள். அது கிடைத்ததும் மேலாளர் வந்துவிடுகிறார்: “லீவுன்னு தெரியும் சார், ரெண்டே நிமிஷம்...”

கரையேறினால் குதிரை, வாடகை சைக்கிள், மிளகாய் பஜ்ஜி, ஒரு கிலோ ஹோம்மேட் சாக்லேட். பையும் பர்ஸும் எடை மாற்றிக்கொள்கின்றன.

ஏரிக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரே யோசனை: லீவு விண்ணப்பத்தில் கூடுதலாக ஒரு நாள் சேர்த்து எழுதுங்கள். ஓய்வெடுத்த களைப்பு தீர வேண்டாமா?