டிஸ்க் மாட்டியவர்

டிஸ்க் மாட்டியவர் என்பவர், தம் வீட்டுப் பழைய அம்பாசிடரின் முன் சக்கரங்களில் இருந்த டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் பொருத்தியவர். பொருத்திய நாள் முதல் அதைப் பற்றியே பேசுபவர். இரண்டாவது பண்பு இல்லாமல் முதல் பண்பு மட்டும் கொண்ட ஒருவர் இதுவரை எங்கும் தென்பட்டதில்லை. வயது ஐம்பதுக்கு மேல். சட்டைப்பையில் பேனா செருகும் இடத்தில் டயர் காற்று பார்க்கும் கேஜ் இருக்கும். எதிரில் வருபவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவர் வந்த வண்டியின் முன் சக்கரத்தைப் பார்ப்பார்.

தமிழ்நாட்டின் பல ஊர்களில் இவ்வினம் உண்டு என்றாலும் கிருஷ்ணகிரி மாவட்டத்து மண் இதற்கு மிகவும் ஏற்றது. இது உருவாக இரண்டு பொருள்கள் ஒரே குடும்பத்தில் சேர வேண்டும்: கொட்டகையில் ஒரு பழைய கார், கையில் நுண்ணளவு பார்க்கும் ஒரு வெர்னியர். கார் சிங்காரப்பேட்டையில் இருக்கும். ஊத்தங்கரையிலிருந்து செங்கம் போகும் சாலையில் உள்ள இந்த ஊரில், மாங்காயும் புளியும் நல்ல விலைக்குப் போன ஏதோ ஒரு வருடத்தில் அப்பா வாங்கிய வண்டி அது. வெர்னியர் ஓசூரிலிருந்து வரும். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்து, 1980ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டிவிஎஸும் அங்கே ஆலை போட்ட பிறகு, அவற்றைச் சுற்றி உதிரிபாகப் பட்டறைகள் முளைத்தன. நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் பையன்கள் ஐ.டி.ஐ. சான்றிதழோடு போய்ச் சேர்ந்தார்கள். அப்படிப் போய், இருபத்தைந்து வருடம் குவாலிட்டி பிரிவில் நின்று, மைக்ரானில் யோசிக்கப் பழகி, சனிக்கிழமை தோறும் ஊருக்குத் திரும்பியவரே நாளடைவில் டிஸ்க் மாட்டியவராக முதிர்கிறார்.

இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்ட அம்பாசிடரை, இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரித்தது. அதன் ஆயுளில் பெரும்பகுதி நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புக் கூடு. பெடலை மிதித்தால் உள்ளே இருக்கும் ஷூக்கள் விரிந்து அதன் உட்சுவரை உரசும். சுழலும் டிரம்மே முன் ஷூவை இழுத்துத் தன்மேல் இன்னும் இறுக்கிக்கொள்வதால் காலுக்குச் சிரமம் குறைவு. சிக்கல் சூட்டில் இருக்கிறது. நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் உள்ளே சேரும் சூடு சீக்கிரம் வெளியேறாது. டிரம் விரிந்து ஷூவைவிட்டு விலகும். லைனிங் பிடியை இழக்கும். பெடல் பலகையைத் தொடும். டிஸ்க்கில் தட்டு காற்றில் சுழல்கிறது, காலிப்பரில் உள்ள பேடுகள் இருபுறமும் கவ்வுகின்றன. சூடேறினால் தட்டு தடித்து பேடை நோக்கியே வரும்.

ஓசூர் மேட்டு நிலம்; கிருஷ்ணகிரி அதைவிடச் சில நூறு மீட்டர் கீழே. எனவே சூளகிரி தாண்டி மேலுமலையில் இறங்கும்போதும், சேலத்துக்குக் கல்யாணத்துக்குப் போகையில் தொப்பூர் கணவாயில் இறங்கும்போதும் அம்பாசிடரின் பிரேக் தன் குணத்தைக் காட்டும். பழைய டிரைவர்கள் இதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள்: செகண்ட் கியருக்கு மாற்று, இரண்டு பம்ப் அடி, மூன்றாவது மிதியில் பிடிக்கும். பிடிக்காவிட்டால் ஹாரன்.

அப்பா இப்படியே முப்பது வருடம் ஓட்டினார். மகனுக்கு அது போதவில்லை. நோயின் தொடக்கம் பெரும்பாலும் ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்டு அருகில் நிகழ்கிறது. கல்லூரிப் பையன் ஒருவன் ஓசூரில் செய்த பைக்கில் வந்து, ஒற்றை விரலால் முன் பிரேக்கைத் தொட்டு, கோடு போட்டதுபோல் நிற்கிறான். அவனுக்குப் பின்னால் வந்த அம்பாசிடர் டீக்கடை பெஞ்சு வரை போய் நிற்கிறது. பெஞ்சில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வழிவிடுகிறார்கள். அந்தப் பைக்கின் டிஸ்க்கில் கேஜ் வைத்துப் பார்த்து ஓ.கே. முத்திரை குத்தியவர் தாமாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் அன்று இரவு அவரைத் தூங்கவிடாது.

அடுத்த கட்டம் கொள்கைச் சிக்கல். இவர் ஒரிஜினல் பக்தர். வைப்பர் பிளேடு முதல் டிக்கி பூட்டு வரை உத்தர்பாராவில் வைத்ததே இருக்க வேண்டும் என்று பத்து வருடம் வாதாடியவர். சீட் கவரை மாற்றிய மைத்துனரோடு பேச்சை நிறுத்தியவர். இப்போது தாமே மாற்றப் போவதால் வரலாற்றைத் துணைக்கு அழைப்பார். இங்கிலாந்தின் ஃபிரடெரிக் லான்செஸ்டர் 1902லேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1953ல் லே மான் பந்தயத்தை ஜாகுவார் டிஸ்க்கோடுதான் வென்றது. 1955ல் சிட்ரோயன் டி.எஸ். காரில் அது வந்துவிட்டது. ஆக, அம்பாசிடரைவிட டிஸ்க்தான் பழையது. மாட்டுவது மாற்றம் ஆகாது, தாமதமாகச் செய்யும் திருத்தம். அம்பாசிடரிலேயே பிற்காலத்தில் இசுசு எஞ்சின் வைத்த வண்டிகள் சிலவற்றுக்கு முன் டிஸ்க் வந்தது என்பது இவருடைய கடைசி அஸ்திரம். கம்பெனியே செய்த தவறு தவறாகாது என்பது குவாலிட்டி பிரிவில் இவர் கற்ற முதல் பாடம்.

பொருள் தேடும் படலம் நீண்டது. பெங்களூரு ஜே.சி. ரோட்டிலும், சிவாஜிநகர் குஜ்ரி எனும் பழைய சாமான் சந்தையிலும், சென்னை புதுப்பேட்டையிலும் இவரை ஞாயிறுகளில் காணலாம். கான்டெசா காரின் காலிப்பர், இசுசு அம்பாசிடரின் ஸ்டப் ஆக்சில் என்று ஒவ்வொன்றாக மஞ்சள் பையில் வீடு சேரும். காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட் மட்டும் கிடைக்காது. அதை லேத்தில் செய்ய வேண்டும். ஏ3 தாளில் மூன்று கோணத்தில் டிராயிங் போட்டு, கீழே கையெழுத்தும் திருத்த எண்ணும் இட்டு எடுத்துப் போவார். லேத் பட்டறைத் தம்பி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ண்ணா, இது வண்டிக்கா, ராக்கெட்டுக்கா?” என்பான். “பிளஸ் ஆர் மைனஸ் பாயின்ட் நாட் ஃபைவ்தாம்பா, ஜாஸ்தி இல்ல” என்பார் இவர். கதவைச் சரியாக மூட இரண்டு பேர் தேவைப்படும் வண்டியில் அந்தப் பிராக்கெட் ஒன்றுதான் அளவுக்கு உட்பட்ட பொருளாக இருக்கும்.

மாட்டும் வேலை பாய் ஷெட்டில் நடக்கும். பாய் நாற்பது வருட அனுபவசாலி. டிராயிங்கை வாங்கி கிரீஸ் டப்பாவுக்கு அடியில் விரிப்பார். டிஸ்க்குக்குத் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும் குணம் கிடையாது என்பதால் காலின் விசையைப் பெருக்க வாக்யூம் பூஸ்டர் வேண்டும். பெட்ரோல் வண்டியில் எஞ்சினே வாக்யூம் கொடுக்கும். டீசல் என்றால் தனி பம்ப் வைக்க வேண்டும், அதற்கு இன்னொரு முறை ஜே.சி. ரோடு. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டர், காலை எடுத்த பிறகும் பைப்பில் சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும். அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டால் பேடு தட்டைவிட்டு விலகாது. முதல் ஓட்டத்தில் பெரும்பாலும் இதுவே நடக்கிறது. பிரேக் அருமையாகப் பிடிக்கும், பிடித்தது விடாது. அரை கிலோமீட்டரில் சக்கரம் புகையும். “நான் அப்பவே சொன்னேன்ல?” என்று பாய் கேட்பார். அவர் சொன்னதில்லை, ஆனாலும் மறுக்கும் நிலையில் எவரும் இருக்க மாட்டார்கள்.

மாஸ்டர் சிலிண்டரைச் சரிசெய்த பிறகு மறுபடியும் ஏர் எடுக்கும் சடங்கு. பிரேக் ஆயில் பைப்பில் ஒரு குமிழி இருந்தாலும் பெடல் பஞ்சாக அமுங்கும். ஆகவே ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, இன்னொருவர் கீழே படுத்து நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மிதிப்பவர் எப்போதும் அக்கா மகன். பிளஸ் டூ தேர்வுக்குப் படிக்க வேண்டியவன்.

“அமுக்குடா.”

“அமுக்கிட்டேன் மாமா.”

“புடி. விடாத. விடாதன்னா விடாத!”

“விடலை மாமா. அதுவா கீழ போகுது.”

“அது அப்படித்தான் போகும். நீ விடாத.”

நான்கு சக்கரத்துக்கும் இது நடந்து முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மாமாவின் அம்பாசிடரை ஆயுளுக்கும் தொடுவதில்லை என்று அக்கா மகன் அன்றே முடிவெடுத்துவிடுவான்.

இதன் பிறகுதான் இவ்வினத்தின் முதன்மையான துயரம் தொடங்குகிறது. லட்சத்தை நெருங்கும் செலவில் மாட்டிய டிஸ்க் வெளியே தெரிவதில்லை. அம்பாசிடரின் இரும்புச் சக்கரமும் அதன்மேல் பளபளக்கும் வீல் கப்பும் அதை முழுவதும் மறைத்துவிடுகின்றன. வீல் கப்பைக் கழற்றினால் ஒரிஜினல் போய்விடும். கழற்றாவிட்டால் டிஸ்க் இருப்பதே தெரியாது. எனவே சொல்லியாக வேண்டும். பால்காரரிடம் சொல்வார். பத்திரிகை வைக்க வந்தவரிடம் சொல்வார். துக்கம் கேட்கப் போன இடத்தில், இறந்தவர் விபத்தில் போகவில்லை என்று தெரிந்தபின் சொல்வார். சொல்லிப் புரியாதவர்களுக்குச் செய்து காட்டுவார். பின் சீட்டில் அம்மா மடியில் தேங்காய்ப் பழத் தட்டோடு உட்கார்ந்திருக்க, ஆளில்லாத சாலையில் திடீரென்று நிறுத்தி, “பாத்தியாம்மா?” என்று திரும்புவார். தேங்காய் முன் சீட்டுக்கு வந்திருக்கும். “எதடா பாக்கச் சொல்ற?” என்பார் அம்மா, பழத்தைப் பொறுக்கிக்கொண்டே.

நின்றால் போதாது, பின்னால் வருபவரும் நிற்க வேண்டும் என்பது முதல் வாரத்தில் தெரிய வரும். பஸ்களின் பின்புறம் ‘ஏர் பிரேக், இடைவெளி விடவும்’ என்று எழுதியிருப்பதன் பொருள் அப்போது விளங்கும். டிக்கியில் ‘டிஸ்க் பிரேக்’ என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டப்படும். ஒரிஜினலுக்குப் பங்கம் என்றாலும் இதற்கு விலக்கு உண்டு; இது பாதுகாப்பு அறிவிப்பு.

சட்டத்தையும் இவர் கரைத்துக் குடித்திருப்பார். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆர்.சி.யில் எஞ்சின் எண், சேசிஸ் எண், நிறம் என்று வரிசையாகக் கட்டங்கள் உண்டு. பிரேக்குக்குக் கட்டம் இல்லை. இது இவருக்கு நிம்மதி, அதே சமயம் வருத்தம். ஐம்பது வருடம் கடந்த வண்டிகளுக்கு 2021ல் தனி விதி வந்தது: 20,000 ரூபாய் கட்டினால் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு எண் கிடைக்கும், 10 வருடம் செல்லும். ஆனால் அன்றாடப் போக்குவரத்துக்கு எடுக்கக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு எடுக்கலாம். விதியைப் படித்துக் காட்டும்போது, “இப்ப மட்டும் வேற எதுக்கு எடுக்கறீங்க?” என்று வீட்டம்மா கேட்பதும் இவ்வினத்தில் பொதுவாகக் காணப்படும் நிகழ்வே.

செலவுக்கேற்ற பலன் உண்டா என்றால், உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. 40ல் போதுமானதாக இருந்த டிரம் 80ல் திணறும். மலையிறக்கத்தில் பத்தாவது மிதியும் முதல் மிதிபோலவே பிடிப்பது டிஸ்க்கின் உண்மையான வரம். ஆனால் கடைசியில் சாலையைப் பிடிப்பது டயர்தான். அது வழுக்கினால் எந்தப் பிரேக்கும் உதவாது. முன்னால் பிடி கூடியதும் எடை முன்னே சாய்ந்து, லேசான பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வால் பக்கவாட்டில் விலகும். அதைத் தடுக்கப் பின் பைப்பில் ஒரு வால்வ் வேண்டும். இவ்வளவும் அறிந்தவர் என்பதாலும், பேடு தேய்ந்தால் மறுபடி குஜ்ரிக்குப் போக வேண்டும் என்பதாலும், டிஸ்க் மாட்டிய பிறகு இவர் 45க்கு மேல் ஓட்டுவதில்லை. மாட்டுவதற்கு முன் 70ல் போனவர்.

பின் சக்கரங்களில் பழைய டிரம்மே தொடர்கிறது. ஹேண்ட் பிரேக் வேலை செய்வதும் அதன்மேல்தான். வேலை செய்வது என்று மரியாதைக்குச் சொல்லலாம். எனவே மேட்டில் நிறுத்தும்போது பின் சக்கரத்துக்குக் கல் வைக்கும் வழக்கம் அப்பா காலத்தைப் போலவே நீடிக்கிறது. ஒரு முன்னேற்றம் மட்டும் உண்டு. அப்பா சாலையோரத்தில் கிடைத்த கல்லை வைப்பார். மகன் பர்கூர்ப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் கிரானைட் துண்டு வாங்கி, டயரின் வளைவுக்கு ஏற்ப அறுத்து, பாலிஷ் போட்டு டிக்கியில் வைத்திருக்கிறார். அதற்கும் ஒரு டிராயிங் இருக்கிறது.