பிரமுகரின் திருமுகம்

அமெரிக்கக் கலாசாலைகளில் பிரவேசம் கோரும் மாணாக்கனைப் பற்றி, அவன் முகத்தையே கண்டிராத செனட்டர் ஒருவர், அவன் தந்தையாருடன் கோல்ஃப் மைதானத்தில் கொண்ட சிநேகத்தையே சாட்சியமாக வைத்து, மேதாவியென்றும் குணசீலனென்றும் வரைந்தனுப்பும் சிபாரிசுக் கடிதம் ஓர் அபூர்வ இலக்கிய வகை. அதில் தகப்பனாரின் பெருமை இருக்கும், எழுதியவரின் பெருமை இன்னும் அதிகமாக இருக்கும், பையன் மட்டும் இருக்க மாட்டான். (கணக்கு வாத்தியாருக்கு, பாவம், பையனைத் தவிர வேறொன்றும் தெரியாது!)

கலிபோர்னியா சர்வகலாசாலையில், ஆட்சிக்குழு அங்கத்தினர்கள் மாணவர் சேர்க்கையில் செல்வாக்கைப் பிரயோகிக்கலாகாதென்று 1996-லேயே விதி ஏற்பட்டிருந்தும், செல்வாக்கால் முறைகேடாகச் சேர்க்கப்பட்டோர் 64 பேரென்று 2020-இல் மாநிலத் தணிக்கையாளர் அறிக்கை விடுத்தார். அவர்களுள் ஒருவருக்குத் துணைநின்றது அங்கத்தினர் ஒருவரின் கடிதம். விதியை இயற்றியதும் அதே ஆட்சிக்குழுதான்.