டிமெசேஜ் அண்ணன்

கோவை பீளமேட்டில் எந்த ஆட்டோமேஷன் கம்பெனிக்குள் நுழைந்தாலும் மூலை மேஜையில் ஒரு லினக்ஸ் அண்ணன் உட்கார்ந்திருப்பார். விசிட்டிங் கார்டில் சீனியர் இன்ஜினியர். நடைமுறையில், யுஎஸ்பி சீரியல் அடாப்டரைச் சொருகிவிட்டு, போர்ட் வராமல் முழிப்பவர்களுக்கு அவர்தான் கதி.

“ஏனுங்ணா, போர்ட்டே காட்ட மாட்டேங்குதுங்க” என்று புதுப் பையன் வந்து நிற்பான்.

அண்ணன் தலையைத் தூக்காமல் கேட்பார்: “டிமெசேஜ் பாத்தியா கண்ணு?”

லினக்ஸின் மையமான கெர்னல் தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகும் குறிப்புகளைக் காட்டும் கட்டளை அது. அண்ணனுக்கு அதுதான் வேதவாக்கு. கையில் இருக்கும் பொருளை நம்பமாட்டார். திரையில் ஓடும் வரியைத்தான் நம்புவார்.

“அடாப்டர்ல லைட் எரியுதுங்ணா.”

“கோனியம்மன் தேருக்குக் கட்டுற சீரியல் செட்டுந்தான் எரியுது. அதுல டேட்டா வருதா?”

அடுத்து, மாட்டியிருக்கும் யுஎஸ்பி பொருட்களைப் பட்டியல் போடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளை. கம்பெனி எண்ணும் பொருள் எண்ணும் வரிசையாக வந்து விழ, ஜாதகக் கட்டைப் பிரித்த கல்யாணத் தரகர் மாதிரி அவர் முகம் மலரும். “0403, 6001. எஃப்டிடிஐ சிப்பு. பெரிய இடம். 067பி, 2303. புரொலிஃபிக். நல்ல பேருதான், ஆனா அந்தப் பேர்ல டூப்ளிகேட் ஜாஸ்தி. உன்னுது 1ஏ86, 7523. சிஎச்340. என்ன வெலைக்கு வாங்குன?” விலையைச் சொன்னால், “அதான பாத்தேன்.”

டப்பாவுக்குள் இருந்த குட்டி டிரைவர் சிடியை யாராவது நீட்டிவிட்டால் போச்சு. இந்தச் சிப்புகளுக்கான டிரைவரெல்லாம் கெர்னலோடு சேர்ந்தே வரும்போது சிடி எதற்கு? மறுக்காமல் வாங்கி டீ டம்ளருக்கு அடியில் வைத்துக்கொள்வார். அவர் மேஜையில் டீக்கறை படியாத சிடியே கிடையாது.

டீ வந்துவிட்டால் 2014 கதையும் வரும். அந்த வருஷம் எஃப்டிடிஐயின் விண்டோஸ் டிரைவர் போலிச் சிப்புகளைக் கண்டுபிடித்து, அவற்றின் பொருள் எண்ணைப் பூஜ்யமாக்கியது. அதோடு விண்டோஸ் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நம்ம கெர்னல் என்ன பண்ணுச்சு தெரியுமா? அந்தப் பூஜ்யத்தையும் பட்டியல்ல சேத்துக்கிச்சு!” சொல்லும்போதே குரல் தழுதழுக்கும்.

போர்ட் வந்தும் அனுமதி இல்லை என்று கணினி முறைத்தால், பையன் சூடோ கட்டளை போட்டு, நிர்வாகி அதிகாரத்தில் திறக்கப் பார்ப்பான். அண்ணன் கையைத் தட்டிவிடுவார். உபுண்டுவில் டயலவுட் குழுவில் பெயரைச் சேர்த்தால் போதும். சேர்த்த பிறகும் திறக்காது. லாக்-அவுட் செய்து மறுபடி உள்ளே வரவேண்டும். இந்தக் கடைசித் தகவலை மட்டும் அவராகச் சொல்லமாட்டார். பையன் இன்னொரு தடவை வந்து கெஞ்சட்டும் என்று டீயை ஆற்றிக்கொண்டிருப்பார்.

அவருக்குத் திருவிழா என்றால், உபுண்டு 22.04-இல் யாராவது சிஎச்340-ஐ மாட்டுகிற நாள்தான். போர்ட் தோன்றி அடுத்த நொடி மறையும். பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகளைக் கவனிக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல், அப்படியொரு கருவிக்கும் இதே எண்கள் இருப்பதால், நம் அடாப்டரைத் தன் பிள்ளை என்று தூக்கிக்கொண்டு போய்விடும். அண்ணன் டிமெசேஜில் அந்த வரியைப் பெரிதாக்கி, அக்கவுன்ட்ஸ் செக்ஷன் வரைக்கும் கூப்பிட்டுக் காட்டுவார். நிரலை நீக்க அரை நிமிஷம். விளக்கம் முக்கால் மணி நேரம்.

அவர் சறுக்குவது ஒரே இடத்தில். ஒரு நாள் பையன் ஆர்டுயினோ நானோ போர்டு கொண்டுவந்தான். லைட் எரிகிறது, டிமெசேஜில் ஒரு வரி இல்லை. அண்ணன் யூடெவ் விதிகளைத் துருவினார், கெர்னலை மாற்றினார், பயாஸுக்குள் இறங்கினார். மதியச் சாப்பாடு ஆறிப்போனது. ஸ்டோர்ஸ் அக்கா எட்டிப் பார்த்து, “அது சார்ஜர் வயருங்க சார். கரண்ட் மட்டுந்தான் போகும். இதப் போடுங்க” என்று வேறொன்றை நீட்டினார். சொருகியதும் டிடிஒய்யுஎஸ்பி0 என்று போர்ட் வந்து நின்றது.

எல்லோரும் அண்ணன் முகத்தைப் பார்த்தார்கள். அவர் அசரவில்லை.

“கெர்னல் காலையிலேயே சொல்லிருச்சு கண்ணு. ஒரு வரிகூட எழுதல பாத்தியா? அதான் அது சொன்னது.”