குளத்து மண்ணைத் திருடிக் குளத்துக்கே போட்டவன் எழுதுவது

பெறுநர்: எங்கள் குளத்தைக் கண்ணின் மணியாகக் காத்துவரும் மேன்மை தங்கிய அலுவலகம்.

பொருள்: பலகை வேண்டுதல் தொடர்பாக.

ஐயா,

தாங்கள் அன்போடு அனுப்பிய நோட்டீஸ் கிடைத்தது. நீர்நிலையில் அனுமதியின்றி ஒரு யூனிட் மண் எடுத்தது ஏன், ஏழு நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் மேல்நடவடிக்கை என்று எழுதியிருக்கிறீர்கள். கரை அரிக்கிறது என்று ஆடி மாசம் கொடுத்த மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. உடையாமல் தடுத்ததற்கு மட்டும் மழை விடுவதற்குள் கடிதம் வந்துவிட்டது. தங்கள் வேகத்தைக் கண்டு ஊரே பூரித்துப்போயிருக்கிறது.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். தாண்டிக்குடி, பெரும்பாறை மலைப் பக்கம் கொட்டிய ஐப்பசி மழை ராத்திரியோடு ராத்திரியாகக் கீழே இறங்கிவிட்டது. விண்ணப்பம் எழுதி, கையெழுத்து வாங்கி, சலான் கட்டி மண் எடுக்கத் தோதான நேரமாக அது இல்லை. திருட்டு மண் அத்தனையும் உரச் சாக்குகளில் கரையிலேயே இருக்கிறது. தடயப்பொருள் என்று எடுத்துப்போய்விடாதீர்கள், கார்த்திகை முடிகிற மட்டும் குளத்துக்குத் தேவைப்படும்.

விடிந்து பார்த்தால் ஓர் அதிசயம். கரை நெடுக மண் கரைந்து கிடக்க, புனரமைப்புப் பணி என்று தாங்கள் நட்ட பெயர்ப்பலகை மட்டும் இம்மி அசையவில்லை. அடியில் அப்படியொரு கான்கிரீட்! எஸ்டிமேட்டில் போட்ட சிமெண்ட் எல்லாம் எங்கே போயிற்று என்று இத்தனை நாள் புறம் பேசிய பாவிகள் நாங்கள். அன்றைக்குத்தான் கண்ணால் கண்டோம். ஆகவே எங்கள் தாழ்மையான வேண்டுகோள்: கரையே வேண்டாம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பலகையாகவே நட்டுவிடுங்கள். பலகைக்கு ஒரு பெயர் என்றாலும் மாவட்டத்துப் பிரமுகர் ஒருவர் பாக்கியில்லாமல் இடம் கிடைக்கும்.

கொடைக்கானலில் 1863-இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரியில் இன்றைக்கும் படகு விடுகிறார்கள். அந்தக் கரை மண்ணால் நிற்கிறதா, பலகையால் நிற்கிறதா என்று மேலே இருப்பவர்களிடம் விசாரித்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

அன்றிரவு தாங்கள் வந்திருந்தால் பலகைக்குப் பத்தடி தள்ளி, கரையின் வெளியடியில், விரல் நுழைகிற ஒரு நண்டுவளையைக் காட்டியிருப்போம். கசிவு தெளிவாக வந்தால் பயமில்லை. அன்றைக்குக் கலங்கி வந்தது. கலங்கி வந்தால் உள்ளே மண் போகிறது என்று அர்த்தம். அதை நேராக அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் வேறு வழி பார்க்கும். அதனால் வாயைச் சுற்றி வட்டமாக மூட்டை அடுக்கி, உள்ளே சரளை கொட்டி, அங்கேயே தண்ணீரைத் தேங்கவிட்டோம். தேங்கிய நீரின் எடை உள்ளிருந்து வரும் வேகத்தை அமுக்கியது, கலங்கல் தெளிந்தது. மடை காக்கும் நீர்க்கட்டிகள் தலைமுறையாகச் செய்துவந்த வேலை. இப்போது அதற்குப் பெயர் கனிமத் திருட்டு.

தண்ணீர் கரைக்கு மேலே ஏறிவிட்டால் மூட்டையும் உதவாது. இந்த மலையில் பிறக்கும் குடகனாற்றைக் கேளுங்கள். வேடசந்தூர் பக்கத்து அணையும் மண்ணணைதான். உச்ச நீர்மட்டத்துக்கு மேல் கரைக்கு 2.5 மீட்டர் மிகையுயரம் விட்டுத்தான் கட்டினார்கள். 1977 வெள்ளத்தில் மின்சாரம் போயிற்று. ஐந்து ஷட்டரும் பாதியில் நின்றன. ஜெனரேட்டர் வந்தும் ஆகவில்லை, கையால் தூக்கியும் முடியவில்லை. தண்ணீர் கரையைத் தாண்டிப் பின்சரிவில் அருவியாக விழுந்து மண்ணைக் கரைத்தது. 20 மீட்டரிலிருந்து 200 மீட்டர் வரை அகலத்தில் பல இடத்தில் உடைப்பு. அதைப் பார்த்த எங்கள் ஊர்க்காரர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு நோட்டீஸ் அனுப்பக் கை கூசவில்லையா உங்களுக்கு? மூட்டை தூக்கியவனைத் திருடன் என்கிறீர்களே, கரைக்கு ஒதுக்கிய பணத்தைத் தூக்கியவனுக்கு என்ன பெயர்?

மன்னிக்கவும். பேனா கொஞ்சம் தடம் புரண்டுவிட்டது. தங்கள் கருணையில் குறை சொல்ல எங்களுக்கு ஏது தகுதி.

பலகைகள் வந்துசேரத் தாமதமானால், அதுவரைக்கும் சில்லறை வேலைகள்: உள்சரிவில் சரிந்த அலைக்கல்லைத் திரும்ப அடுக்க வேண்டும். கரை மேல் முளைத்த சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்து, குழியை மண்போட்டு இடிக்க வேண்டும். வெட்டிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போனால், வேர் மக்கி அடுத்த வருஷம் அந்த வழியாகவே தண்ணீர் வரும். வெளிச்சரிவில் வெட்டிவேர் வைத்தால் போதும், நாங்களே நட்டுக்கொள்கிறோம்.

எல்லாவற்றுக்கும் முந்தி ஒன்று. மீன் ஏலம் எடுத்தவர் குஞ்சு வெளியே போகாமல் கலங்கின் குறுக்கே வலை கட்டியிருக்கிறார். அதில் செத்தை அடைத்து, வழிய வேண்டிய தண்ணீர் குளத்திலேயே ஒரு முழம் ஏறி நிற்கிறது. ஏலம் விட்டது தாங்கள்தான், அவிழ்க்கவும் தாங்களே சொல்ல வேண்டும். நாங்கள் கை வைத்தால் அது மீன் திருட்டாகிவிடும்.

இப்படிக்கு,
கடைமடை ஆயக்கட்டுக்காரன்