பச்சைப் பொட்டு

மனைவி வீட்டிலேயே இட்லிப் பொடி வியாபாரம் ஆரம்பித்தால் கணவனுக்கு என்ன வேலை மிஞ்சும் என்று நினைக்கிறீர்கள்? வறுக்க விடமாட்டார்கள், தீய்த்துவிடுவோம். அரைக்க விடமாட்டார்கள், மிக்ஸி மூடி விஷயத்தில் எனக்கு ஒரு பழைய வரலாறு உண்டு, சமையலறை உத்தரத்தில் அதன் சுவடு இன்னும் இருக்கிறது. கணக்கு எழுதவும் விடமாட்டார்கள், அந்த வரலாறு இன்னும் பழையது. கடைசியில் யாரும் கேட்காத ஒரு வேலையை நானே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன். லேபிள்.

மைத்துனர் பையன் டிசைனிங் படித்தவன். "அத்தைக்காகக் குறைச்சுச் சொல்றேன்" என்று ஒரு தொகை சொன்னான். அந்தத் தொகைக்கு எத்தனை கிலோ பொடி விற்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, "இதுக்குப் போயி காசு கொடுப்பாங்களா? எல்லாம் ஆன்லைன்ல ஓசிலயே இருக்கு" என்று சொல்லிவிட்டேன். மனைவி வாய் திறக்கவில்லை. என்னோடு வாழ்ந்து பழகியவள், செலவு எந்தப் பக்கம் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

ஓசிதான், பொய்யில்லை. கூலர்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து ஸ்பேஸ் பாரைத் தட்டினால் திரை முழுக்க ஐந்து நிறம், ஒன்றுக்கொன்று இசைவாக, பட்டை பட்டையாக நிற்கும். பிடிக்கவில்லையா? இன்னொரு தட்டு, வேறு ஐந்து. ஒன்று மட்டும் பிடித்திருந்தால் அதற்குப் பூட்டு போட்டுவிட்டு மற்ற நாலை மாற்றிக்கொண்டே போகலாம். ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன வேண்டும்? வீட்டில் நான் ஒரு வார்த்தை பேசினால் ஐந்து பதில் வருகிறது, அதில் எதையும் மாற்றவும் முடியாது, பூட்டவும் முடியாது. இங்கே வேண்டாம் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் போய்விடுகின்றன. "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டார்கள். "இதோ, ஒரே தட்டு" என்றேன். நான் போனபோது சாப்பாட்டுத் தட்டு மூடி வைக்கப்பட்டிருந்தது, சமையலறை விளக்கும் அணைந்திருந்தது.

குற்றம் என் பேரில் மட்டுமில்லை. திரையில் தெரிகிற நிறமெல்லாம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வெளிச்சத்தின் கலவை. ஒவ்வொன்றுக்கும் 256 படி. பெருக்கினால் 1,67,77,216 நிறம். பட்டுப்புடவைக் கடையில் அலமாரியையே தரையில் இறக்கவைத்துவிட்டு "வேற டிசைன் காட்டுங்க" என்று கேட்கிற பெண்களைப் பற்றி நான் இதுவரை சொன்ன அத்தனையையும் அன்றிரவே வாபஸ் வாங்கிக்கொண்டேன். மனசுக்குள்தான். வெளியே சொல்லிவிட்டு யார் அவஸ்தைப்படுவது?

சும்மா தட்டிக்கொண்டிருந்தால் ஆகாது, சாஸ்திரப்படி செய்வோம் என்று அடோபி கலர் பக்கம் போனேன். அங்கே ஒரு நிறச் சக்கரம். நியூட்டன் 1704-ல் வெளியிட்ட தன் ஒளியியல் புத்தகத்தில், வானவில்லை வளைத்து இரு முனையையும் சேர்த்து வட்டமாக்கிவிட்டார். அதன் வாரிசுதான் இது. அடுத்தடுத்து இருக்கும் நிறங்கள் சேர்ந்தால் சாந்தம், நேர் எதிரே இருப்பவை சேர்ந்தால் துடிப்பு, மூன்று மூலையில் இருப்பவை சேர்ந்தால் கொண்டாட்டம் என்று விதிகள். எதிரெதிர் நிறங்கள் பக்கத்தில் வந்தால் ஒன்றையொன்று இன்னும் பளிச்சென்று காட்டுமாம். இருக்கலாம். எங்கள் வீட்டில் ஒன்றுதான் பளிச்சென்று தெரிகிறது.

போட்டோ ஒன்றைக் கொடுத்தால் அதிலிருந்தே நிறங்களை உருவித் தரும் வசதியும் உண்டு. ஒரு கரண்டி பொடியை அள்ளி ஜன்னல் ஓரம் பிடித்துப் படமெடுத்துப் போட்டேன். வந்தது நாலு விதமான பழுப்பு, ஒரு மங்கிய ரோஸ். இந்த ரோஸ் எங்கிருந்து வந்தது, மிளகாயா, பெருங்காயமா என்று ரொம்ப நேரம் ஆராய்ந்தேன். என் கட்டைவிரல்.

ஒருவழியாக ஐந்து நிறம் முடிவாயிற்று. பின்னணிக்கு க்ரீம், எழுத்துக்கு வெளிறிய கறிவேப்பிலைப் பச்சை, ஓரத்துக்குச் செங்கல் சாயல், அப்புறம் இரண்டு உதிரி. நடுராத்திரியில் போனில் பார்த்தபோது கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல இருந்தது. காலையில் பெண்ணிடம் காட்டினேன். "என்னப்பா, எல்லாம் சோகையா இருக்கு?" என்றாள். ராத்திரியானால் என் போன் தானாகவே நீல வெளிச்சத்தைக் குறைத்துத் திரையை மஞ்சளாக்கிவிடும் ஏற்பாட்டை அவள்தான் எப்போதோ, என் கண் நலனுக்காக, செய்துவைத்திருக்கிறாள். நான் தேர்ந்தெடுத்த சௌந்தர்யத்தில் பாதி அந்த ஏற்பாட்டினுடையது.

சோகையா இல்லையா என்று பார்க்கவும் ஒரு கருவி இருக்கிறது. எழுத்து நிறத்தையும் பின்னணி நிறத்தையும் கொடுத்தால் இரண்டுக்கும் எவ்வளவு வேறுபாடு என்று எண்ணாகச் சொல்லும். வெள்ளையில் கறுப்புக்கு 21. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்பது இணையத் தர அமைப்பின் விதி. என் பச்சை க்ரீமின்மேல் வாங்கிய மார்க் 2.27. கணக்கில் நான் எப்போதும் வாங்குவதை ஒட்டித்தான் இருந்தது என்பதால் எனக்கு அதிர்ச்சியில்லை. "இட்லிப் பொடியை யாரும் படிச்சுப் பார்த்தா வாங்குறாங்க? மூக்குதான் முக்கியம்" என்று பதில் சொல்லிவிட்டேன். யாரிடம்? கருவியிடம்தான்.

அப்போதுதான் பெண் அடுத்த குண்டைப் போட்டாள். "சைவக் குறி எங்கப்பா?" உணவுப் பொட்டலம் என்றால் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் பொட்டு இருந்தாக வேண்டும், அதுவும் பளிச்சென்று தெரிகிற பின்னணியில். சட்டம். நியூட்டனையும் சமாதானம் செய்து, கட்டைவிரலையும் விலக்கி, பொறுக்கி வைத்த குடும்பத்துக்குள் எவனோ ஒரு கிளிப்பச்சைக்காரன் அழைப்பில்லாமல் வந்து உட்கார்ந்தால் எப்படி? அழகு உணர்ச்சி உள்ளவன் என்ன செய்வானோ அதைத்தான் நானும் செய்தேன். பொட்டையும் என் வெளிறிய பச்சைக்கே மாற்றினேன்.

பிரஸ்காரர் நல்ல மனிதர். "சார், வெள்ளை ஸ்டிக்கரா, கிராஃப்ட்டா?" என்றார். பழுப்புக் காகிதம், கிராமிய மணம், இயற்கை என்று என் மனம் ஓடியது. கிராஃப்ட் என்றேன். "மானிட்டர்ல தெரியிற கலர் வராது சார். மை கண்ணாடி மாதிரி, அடியில இருக்கிற பேப்பர் கலர் மேல ஏறும். வெள்ளை மை ஒரு கோட்டு அடியில ஓட்டினாதான் நிக்கும், அதுக்குத் தனிச் செலவு" என்று அவர் விளக்கமாகவே சொன்னார். தனிச் செலவு என்ற வார்த்தைக்கு அப்புறம் அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. "இயற்கையாவே இருக்கட்டும்" என்றேன். கட்டுக் கட்டாக அடித்துக் கொடுத்தார்.

க்ரீம் காணாமல் போயிருந்தது. பழுப்பின்மேல் பழுப்பாக ஏதோ எழுதியிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் "இட்லிப்" வரைக்கும் படிக்கலாம். அதுகூடப் பரவாயில்லை. முதல் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போன எதிர்வீட்டு மாமி, அரை மணியில் அதைத் திருப்பிக் கொண்டுவந்து, வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "ஏண்டிம்மா, இதுல கருவாடு கிருவாடு போட்டிருக்கியா?" என்று கேட்டார். பச்சைப் பொட்டு அப்பழுக்கில்லாத பழுப்புப் பொட்டாகியிருந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். "மாமி, அசைவத்துக்குப் பழுப்பு வட்டம் போட்டதெல்லாம் பழைய விதி. இப்ப பழுப்பு முக்கோணம். அதனால சட்டப்படி பார்த்தா இது எதுவுமே இல்லை" என்று விளக்கினேன். மாமி என் மனைவியைப் பார்த்தார். மனைவி மாமியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்னை இருவரும் பங்கு போட்டு எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை மனைவி கொடியில் கிடந்த மஞ்சப்பையை, எந்தக் கல்யாணத்தில் தாம்பூலத்துக்குக் கொடுத்ததோ, எடுத்துக்கொண்டு நேராகப் பிரஸ்ஸுக்குப் போனாள். மஞ்சளில் அரக்கு எழுத்து. "இந்தக் கலர், இந்தக் கலர். பொட்டை மட்டும் வெள்ளைக் கட்டத்துல பச்சையா போடுங்க." முடிந்தது. ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லியே வேலையை முடித்துவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை கருவிகள் இருக்கிற காலத்தில் இப்படியா என்று, அவளுக்குத் தெரியாமல் மஞ்சப்பையைப் படமெடுத்து, இரண்டு நிறத்தையும் உருவி, மார்க் போடும் கருவியில் கொடுத்தேன். ஏழைத் தாண்டியது. இணையத் தர அமைப்பின் மிகக் கடுமையான விதிக்கே ஏழு போதும். போனை மூடி வைத்துவிட்டு, பெருங்காயம் உடைத்துத் தர வேண்டுமா என்று போய்க் கேட்டேன்.

பொடி நன்றாகப் போகிறது. என்னுடைய கிராஃப்ட் ஸ்டிக்கர்கள்தான் கட்டுக் கட்டாகப் பரணில் கிடந்தன. எதையும் தூக்கி எறிய மனசு வராத என் அம்மா, அவற்றைக் கொண்டுவந்து சமையலறை டப்பாக்களில் எல்லாம் ஒட்டிவிட்டார். உப்பு, சர்க்கரை, ரவை, காப்பிப் பொடி, எல்லாவற்றின் மேலும் இப்போது இட்லிப் பொடி என்றுதான் எழுதியிருக்கிறது. யாராலும் படிக்க முடியாததால் ஒரு குழப்பமும் இல்லை.