மூலவர் லேத்: கரமனையை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

வீட்டின் பின்கட்டில் ஒரு லேத் வைத்து, ஓய்வு நேரத்தில் இரும்பும் பித்தளையும் கடைந்து, கையகல நீராவி எஞ்சின் செய்து பார்ப்பதைப் பொழுதுபோக்கு என்றே உலகம் கருதி வருகிறது. லண்டனில் 1898 ஜனவரியில் பெர்சிவல் மார்ஷல் இதற்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். அன்றுமுதல் நூலகங்களில் இந்த விஷயம் தொழில்நுட்ப அலமாரியில் அடுக்கப்படுகிறது. அலமாரி தவறு. வீட்டு லேத் எந்திரம் அல்ல, யந்திரம். அதன் நூல்கள் ஆகமங்களுக்கு அடுத்த தட்டில் இருக்க வேண்டியவை. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் வேலை. வடமொழியின் யந்திரம்தான் தமிழில் எந்திரமாயிற்று என்பதால், பீடத்துக்கடியில் புதைக்கும் கோடு கீறிய செப்புத் தகட்டுக்கும் மோட்டார் பூட்டிய இரும்புக்கும் சொல்லளவில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். பொருளளவில் அதுவும் இல்லை என்பதைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்று அளவைகளாலும் காட்டலாம்.

திருவனந்தபுரத்துக் கரமனையைக் களமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. ஊரை ஒட்டி ஆறு. மேற்கே சில கிலோமீட்டரில் அரபிக்கடல். இடவப்பாதி, துலாவர்ஷம் என்று ஆண்டுக்கு இரண்டு மழை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினால் இரும்பில் துரு வேகமெடுக்கும் என்பது பாலபாடம். கரமனையின் மழைக்காலக் காலைகள் 90ஐச் சர்வசாதாரணமாகத் தொடும், கடற்காற்றின் உப்பு வேறு. கோயம்புத்தூரில் ஒரு வாரம் மூடி வைத்த லேத், ஒரு வாரம் மூடி வைத்த லேத்தாகவே இருக்கும். கரமனையில் அது குங்குமம் பூசிக்கொண்டிருக்கும். ஆகவே இங்கே லேத் வைத்திருப்பவர் விடியலில் எழுந்து போர்வையை விலக்குகிறார், நேற்றைய எண்ணெயை மெல்லிய துணியால் ஒற்றியெடுக்கிறார், படுக்கையின் இரு தடங்களுக்கும் புதிதாகத் தைலக்காப்புச் சாத்துகிறார், வேலைத்துண்டைப் பிடிக்கும் சக்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார். எதையும் கடைவதில்லை. இரவிலும் அதே உபசாரம், பிறகு பழைய வேட்டியால் திருமேனி மறைக்கப்படுகிறது. இதைப் பார்க்கும் நடுநிலையாளர் எவரும் இது உற்பத்தி என்று சொல்லமாட்டார். நித்தியபூஜை என்றுதான் சொல்வார். இது காண்டல்.

எண்ணெயிலும் நியமம் இருக்கிறது. நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசினாகி ஒட்டும். தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலம் பித்தளையில் பச்சை பூக்க வைக்கும். எனவே வீட்டிலிருக்கும் இரண்டு புனித எண்ணெய்களும் விலக்கு. சறுக்குத் தடத்துக்கென்றே விற்கும் எண்ணெய்தான் ஏற்பு. தண்ணீருக்கோ முழுத் தடை. ஆலைகளில் தண்ணீர் கலந்த கூலண்ட்டைக் குழாய் வைத்து ஊற்றுகிறார்கள். ஓயாமல் ஓடும் எந்திரத்துக்கு அது தாங்கும், மூன்று வாரத்துக்கொரு முறை ஓடும் வீட்டு எந்திரத்துக்குத் தாங்காது. இந்த விதி திருவனந்தபுரத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. பத்மநாபசுவாமி கோயில் மூலவர் 12,008 சாளக்கிராமங்களும் கடுசர்க்கரை யோகமும் கொண்டு உருவானவர் என்பதால் அவருக்கு அபிஷேகம் கிடையாது. அதற்குத் தனி மூர்த்தி உண்டு. சில திருமேனிகள் நீர் பொறுப்பதில்லை என்பதைக் கரமனை ஏற்கெனவே அறியும்.

அடுத்தது ஆசாரம். அக்கிரகாரத்துச் சமையற்கட்டில் பத்து, எச்சில், மடி என்ற பாகுபாடுகள் எவ்வளவு நுட்பமானவை என்று வெளியாருக்கு விளங்க வைப்பது கடினம். சோறு தொட்ட கரண்டி தயிரைத் தொடக் கூடாது, தயிர் தொட்ட கை ஊறுகாய் ஜாடியைத் தொடக் கூடாது. மாதிரி எஞ்சின்காரரிடம் ஒரு புது அரம் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். முதலில் அது பித்தளைக்கு மட்டும். எஃகைத் தொட்டுவிட்டால் முனை மழுங்கிப் பித்தளையில் வழுக்கும். எஃகுக்கு இறங்கிய அரம் மறுபடி பித்தளைக்கு ஏற முடியாது. அலுமினியம் தொட்ட அரத்தின் பல்லிடுக்கில் உலோகம் அடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்க முன்கூட்டியே சுண்ணக்கட்டி தேய்த்துச் சுத்தி செய்ய வேண்டும். சாணைக்கல் லேத் இருக்கும் அறைக்குள்ளேயே வரக் கூடாது, ஏனென்றால் சாணைப்பொடி தடத்தில் விழுந்து எண்ணெயோடு குழைந்தால் அதுவே அரைக்கும் விழுதாகிவிடும். கையில் வியர்வை உப்பு மிகுந்தவர் தொட்ட இடத்தில் மறுநாள் விரல்ரேகை துருவாக எழும். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் தரிசிக்க வேண்டும். இந்த விதிகள் ஒவ்வொன்றுக்கும் அறிவியல் காரணம் இருக்கிறதே என்று வாசகர் கேட்கலாம். ஆசாரம் கைக்கொள்ளும் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

பிரதிஷ்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லேத்தை வாங்கி வந்து மேஜைமேல் வைத்தால் அது வெறும் பளு. கால்களை போல்ட்டில் இறுக்கும்போது படுக்கை மயிரிழை முறுகினாலும் கடைந்த தண்டு ஒருபக்கம் பருத்து மறுபக்கம் சிறுக்கும். எனவே நீர்மட்டம் வைத்து, காலுக்கடியில் தகடு செருகி, ஒரு கம்பியின் இரு முனையிலும் வளையம்போல் கடைந்து, இரண்டின் விட்டத்தையும் மைக்ரோமீட்டரால் ஒப்பிட்டு, வித்தியாசம் 0.01 மில்லிமீட்டருக்குள் வரும்வரை தகட்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சிலருக்கு ஒரு நாள், சிலருக்கு ஒரு மண்டலம். கோயில்களில் அஷ்டபந்தனம் சாற்றினால் பன்னிரண்டு வருடம் தாங்கும் என்பார்கள். மர மேஜைமேல் வைத்த லேத்துக்கு ஒரு துலாவர்ஷம் போதும், மரம் ஈரம் குடித்து உப்பி, கும்பாபிஷேகம் மறுபடி தொடங்கும்.

இனிப் பூர்வபட்சம். லேத் பொருள் செய்வதற்கான கருவி, பொருள் செய்யவே அது வாங்கப்படுகிறது, எனவே அது எந்திரமே என்று ஒரு கட்சி வாதிக்கும். பொருள்தான் நோக்கம் என்றால் கரமனைக்காரருக்கு லேத் எதற்கு? தெற்கே கைமனம் தாண்டினால் பாப்பனங்கோடு. அங்கே தொழிற்பேட்டை இருக்கிறது, அரசு பஸ்களின் மத்தியப் பணிமனை இருக்கிறது. வடக்கே கிள்ளிப்பாலம் தாண்டினால் எழுத்தாளர் ஆ. மாதவன் கதைகளின் அதே சாலைக் கம்போளம் என்ற கடைத்தெரு. ஒரு பித்தளைப் புஷ் வேண்டுமென்றால் ஏதாவதொரு லேத் பட்டறை வாசலில் நின்று அளவு சொன்னால் சாயா ஆறுவதற்குள் கைக்கு வந்துவிடும். அதே புஷ்ஷை வீட்டில் செய்ய முதலில் டூல் தீட்ட வேண்டும்; தீட்டச் சாணை வேண்டும்; சாணையில் கோணம் தவறாமல் பிடிக்க ஒரு தாங்கி செய்ய வேண்டும்; தாங்கிக்கு மரை வெட்ட டாப் வேண்டும்; டாப் சாயாமல் இறங்க அதற்கொரு வழிகாட்டி கடைய வேண்டும்; அதைக் கடையத் தீட்டிய டூல் வேண்டும். தருக்க நூலார் இதைச் சக்கரகம், அதாவது சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே நிற்பது என்று குற்றமாகச் சொல்வர். வீட்டுப் பட்டறைக்காரருக்கு அது சுற்றுப் பிராகாரம். துளையிடும் எந்திரம், அறைக்கு வெளியே சாணை, வைஸ், சிறு உலை என்று உபதேவதைகள் ஒவ்வொன்றாக மூலவரைச் சுற்றி எழுந்தருளுவது இவ்வழியில்தான். புஷ் மட்டும் கடைசியில் சாலைக் கம்போளத்தில் செய்யப்படுகிறது.

இதற்கு எதிர்க்கட்சி வலுவான சான்று ஒன்றைக் காட்டும்: எஞ்சினை முடித்தவர்களும் இருக்கிறார்களே! உண்மை. இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் வார்ப்புத் தொகுதிகளில் 10ஆம் எண் எஞ்சின் சிலிண்டர் முக்கால் அங்குல விட்டம், முக்கால் அங்குல வீச்சு; பலர் அதை முடித்து ஓடவும் விட்டிருக்கிறார்கள். ஆனால் முடிந்த எஞ்சின் என்ன செய்கிறது என்று கவனிக்க வேண்டும். ஒருநாள் உறவினர் கூடியிருக்க, முன்னறை மேஜையில் எழுந்தருளி, காற்றழுத்தத்தில் கால் மணி நேரம் சுற்றுகிறது. டிவி அணைக்கப்படுகிறது, மிக்சி நிறுத்தப்படுகிறது. பிறகு கண்ணாடி அலமாரிக்குள் திரும்புகிறது. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபனின் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகத்துக்கு விமான ஓடுபாதை வழியாகப் போகும்போது திருவனந்தபுரத்தில் விமானங்கள் நிறுத்தப்படுவதை அறிந்தவர்களுக்கு இது என்ன சடங்கு என்று விளக்க வேண்டியதில்லை. எஞ்சின் உற்சவர். உலா வருவதற்காகவே செய்யப்பட்டது. உலா முடிந்ததும் உள்ளே போகும். மூலவர் இடம் பெயர்வதில்லை, பெயர்ந்தால் மட்டம் போய்விடும். இது கருதல்.

உரையளவைக்கு வருவோம். தமிழில் மரத்தையும் உலோகத்தையும் சுழலவிட்டுச் செதுக்குவதைக் கடைசல் என்கிறோம், தயிரைச் சுழற்றுவதையும் கடைதல் என்கிறோம், பாற்கடலும் கடையத்தான் பட்டது. புராணத்தை எந்திரவியல் கண்ணோடு பார்த்தால் மந்தரமலை சுழலும் தண்டு, வாசுகி ஓட்டும் வார், அடியில் ஆமை தாங்கி. தேவரும் அசுரரும் மாறிமாறி இழுத்ததால் மலை ஒருமுறை வலமும் ஒருமுறை இடமுமாகச் சுற்றியிருக்கும். கயிறு சுற்றி இழுத்த பழைய கடைசல் எந்திரங்களும் அப்படியே முன்னும் பின்னுமாகத்தான் ஓடின. முதலில் வந்தது ஆலகாலம், அதுவும் ஒத்துப்போகிறது. அதிவேகத்தில் கடையும்போது எண்ணெய் கருகி எழும் புகையை நுகர்ந்தவர்கள் நீலகண்டரின் நிலையை ஓரளவு அறிவார்கள். ஆனால் அமுதம் வந்ததே, அது விளைபொருள்தானே என்று மறுப்போர் பாய்வார்கள். வந்தது, வந்த அன்றே பரிமாறித் தீர்ந்தது. அமுதத்துக்கு இன்று கோயில் எங்கே இருக்கிறது? தாங்கியாக நின்ற ஆமைக்கு ஆந்திரத்து ஸ்ரீகூர்மத்தில் கோயில் இருக்கிறது. விளைபொருள் அழியும், பேரிங் வழிபடப்படும் என்பதற்கு இதைவிடத் தொன்மையான ஆவணம் கிடைப்பது அரிது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம், நம் மண்ணுக்கு ஒட்டாது என்று ஒரு சாரார் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. நாட்டிங்ஹாம் பக்கத்து பீஸ்டனில் மைஃபோர்டு நிறுவனம் 1946இல் வெளியிட்ட எம்.எல்.7 லேத்தே இக்கூட்டத்தின் ஆதிமூர்த்தியாக உலகெங்கும் கொண்டாடப்படுகிறது என்பது மெய்தான். ஆனால் கோயிலும் பட்டறையும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் என்பதைத் திருவனந்தபுரம் யாரிடமும் கற்க வேண்டியதில்லை. நகரின் வடக்கே தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பியபோது, அந்த நிலையத்தின் தொடக்க வேலைகள் புனித மரிய மக்தலேனாள் தேவாலயத்தில்தான் நடந்தன. ஜெபம் நடந்த இடத்தில் கருவிகளைப் பொருத்தினார்கள், ஆயரின் இல்லம் அலுவலகமாயிற்று. அந்தத் தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகம். ஆலயம் பட்டறையாகலாம் என்று அரசே ஒப்பிய ஊரில், பட்டறை ஆலயமாவதை எந்த நியாயத்தால் மறுப்பது?

அவ்வளவு தெய்வத்தன்மை இருந்தால் தனியாக ஆயுதபூஜை எதற்கு என்பது மிச்சமுள்ள ஆட்சேபம்; உண்மையில் இதுவே நம் கட்சிக்குச் சிறந்த துணை. கேரள வழக்கப்படி துர்காஷ்டமி அந்தியில் கருவிகளைத் துடைத்துப் பூஜை வைத்தால், விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை யாரும் அவற்றைத் தொட்டு வேலை செய்யக் கூடாது. கருவி சுத்தமாக இருக்க வேண்டும், பார்வைக்கு இருக்க வேண்டும், உபயோகத்தில் இருக்கக் கூடாது: பூஜைவைப்பின் இலக்கணம் இதுதான். இந்த இலக்கணத்தின்படி வீட்டு லேத்துக்குப் பூஜைவைப்பு ஆண்டு முழுவதும் நடக்கிறது. வார்ப்புகள் பார்சலில் வந்திறங்கும் நாள் விஜயதசமி, அதுவும் உச்சிக்குள் முடிந்துவிடும்.

திசைதான் சிக்கலான இடம். கேரளத்துத் தச்சுநூலான மனுஷ்யாலய சந்திரிகை மனையில் எது எங்கே அமைய வேண்டும் என்று விரிவாகச் சொல்கிறது, லேத்தைப் பற்றி மௌனம் சாதிக்கிறது. லேத்துக்குத் தலையும் வாலும் உண்டு. ஹெட்ஸ்டாக் என்ற தலை எப்போதும் வேலை செய்பவரின் இடக்கைப் பக்கம்தான் வரும். வேலை செய்பவர் உத்தமமாகக் கிழக்கு நோக்கி நின்றால் லேத்தின் தலை வடக்கே போய்விடும். வடக்கே தலைவைத்துப் படுக்காதே என்று எல்லாப் பாட்டிகளும் சொல்லியிருக்கிறார்கள். லேத்தின் தலையைக் கிழக்கே வைத்தால் வேலை செய்பவர் யமதிசையான தெற்கு நோக்கி நிற்க நேரும். ஒருவருக்கு உகந்த திசை மற்றவருக்கு ஆகாததாக இருக்கும்போது பக்தன் விட்டுக்கொடுப்பதே முறை என்று ஆகமவழி வாதம் செய்யலாம். ஆனால் பழைய வீட்டில் 15 ஆம்பியர் பிளக் ஒன்றுதான் இருக்கும். லேத் நிற்பது அந்தச் சுவரை ஒட்டி. அதுவும் தோசைமாவு அரைத்து முடித்து கிரைண்டரின் வயரைப் பிடுங்கிய பிறகு.